பர்சூக் வாசலில் உட்கார்ந்துவிட்டான்

போனான், போனான், எங்கள் எல்லாருக்கும் முன்னால் பர்சூக்தான் புது வீட்டுக்குள் போனான், ஆனால் வாசல் வழியாக இல்லை. உல்யா கண்ணு, உடம்பு எப்படி? நானும் ரிம்மாவும் சுகம், குண்டன் பர்சூக் எங்களைவிடச் சுகம். ரிம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கப் போகிறோம் என்று சொல்லி எத்தனை நாளாயிற்று, அதற்கு உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. பூனை உள்ளே போனதா என்று மட்டும் கேட்கிறாய். சரி, பூனைக் கதையையே முதலில் சொல்கிறேன்.

அவனுக்குக் குளிர்கால ரோமம் முழுசாக வந்துவிட்டது, கழுத்தில் சிங்கப் பிடரி, பின்னங்காலில் தொளதொள கால்சட்டை. நாலு வயதாகியும் இன்னும் வளர்கிறான், சைபீரியப் பூனை சாவகாசமாகத்தான் வளரும். தண்ணீர் வாளியைக் கண்டால் கையை விட்டு அளைகிறான், பசித்தால் குருவி மாதிரிக் கீச்சிடுகிறான். எந்தப் பூனை பக்கத்தில் வந்தாலும் தும்முகிற ரிம்மா இவனை மட்டும் மடியில் போட்டுக்கொண்டு டீ குடிக்கிறாள். வசந்தத்தில் சீவியெடுத்த ரோமத்தை அவளே நூற்று உனக்குக் காலுறை பின்னியிருக்கிறாள், இந்தப் பார்சலில் இருக்கிறது. நாறவில்லை, நான் முகர்ந்து பார்த்துவிட்டேன்.

வீடு மாறிய அன்று ஈரப்பனி. வீத்யாவின் லாரியிலிருந்து சோபா, ஃபிரிட்ஜ், உன் பழைய கட்டில் எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கியாயிற்று. ரிம்மாவின் அக்கா காப்பா வாசலில் கையை விரித்து நின்றுகொண்டாள், புது வீட்டில் பூனைதான் முதலில் கால் வைக்கவேண்டும், அதுதான் சாஸ்திரம், அதற்கு முன் ஒரு ஈகூட உள்ளே போகக்கூடாது என்று. பர்சூக்கைப் படியில் விட்டோம். உட்கார்ந்துவிட்டான். அவன் குணம்தான் உனக்குத் தெரியுமே, நாய் மாதிரி ஆளுக்குப் பின்னால் நடப்பானே தவிர முன்னால் போகமாட்டான். நான் போனால் அவன் வருவான், அவன் போகாமல் நான் போகக்கூடாது. தள்ளினால் தரையோடு பரவிக்கொண்டான், மீன் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பூனையை நம்பி லாரி எடுத்தது என் தப்பு, சோபாவில் காளான் முளைத்ததும் கூப்பிடு என்றான் வீத்யா. எல்லோரும் சிரித்தோம், அப்போது காப்பா என்னைக் காட்டி வாய் திறந்தாள். "பூனைக்குத் தெரியுதுடி ரிம்மா. படிப்புல பாதியில ஓடினவன், எந்த வேலையிலயும் நிக்காதவன், இந்த வீட்டுல மட்டும் தங்கிடுவானா?" ரிம்மா சோபாமேல் விழுந்த பனியைக் கையால் தட்டிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் உண்மையாகவே பயந்தேன் கண்ணு.

அப்போதுதான் உன் குரல் ஞாபகம் வந்தது. நீ வேலை பார்க்கும் கப்பலிலிருந்து போனில் அவனுக்குப் பேசி அனுப்பியிருந்தாயே, "டேய் குண்டா, எங்கடா இருக்க, வாடா என் பன்னிக்குட்டி" என்று. எனக்கென்று ஏதாவது சொல்லியிருப்பாயோ என்று அதை எத்தனையோ தடவை போட்டுக் கேட்டிருக்கிறேன், அது வேறு விஷயம். பெயிண்ட் வாடை போக ஜன்னலின் மேல்மூலைக் குட்டிக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். போனைத் தூண்டில் கம்பு நுனியில் கட்டி, உன் குரலைச் சத்தமாக வைத்து, அதன் வழியே உள்ளே நீட்டினேன். முட்டாள், முட்டாள் என்று காப்பா கத்திக்கொண்டிருக்கும்போதே பர்சூக் காதை நிமிர்த்தினான், ஃபிரிட்ஜ் மேல் ஏறினான், அங்கிருந்து ஒரே தாவு. அத்தனை கனத்த உடம்பு அந்தப் பொந்துக்குள் பஞ்சு மாதிரிப் போயிற்று.

உள்ளே நாங்கள் போனபோது ஒவ்வொரு மூலையாக உன்னைத் தேடிக்கொண்டிருந்தான். கடைசியில் அடுப்புச் சுவரை ஒட்டிய சின்ன அறையில் சுருண்டு படுத்தான். பூனை படுத்த இடத்தில்தான் கட்டில் போடவேண்டும், உங்கள் கட்டிலைக் கொண்டுவாருங்கள் என்றாள் காப்பா. ஆனால் ரிம்மா சொன்னாள், "அவன் உல்யா குரலைக் கேட்டுத்தானே வந்தான். இது அவ ரூம். அவ கட்டில்தான் இங்க." காப்பா நகர்ந்து வழிவிட்டாள், அவள் சாஸ்திரம்தானே.

உன் கட்டில் இப்போது அங்கேதான் கிடக்கிறது, பகலெல்லாம் அவன் அதில் படுத்து வாசலையே பார்க்கிறான். பூனைக்கும் முன்னால் இந்த வீட்டுக்குள் போனது உன் குரல், அதனால் உன்னைக் கேட்காமல் இங்கே நான் எப்படி இருப்பது? ரிம்மா வேண்டுமா வேண்டாமா, திட்டுவதானாலும் எனக்கென்று பேசி அனுப்பு. புத்தாண்டுக்கு வந்து நேரில் திட்டினால் இன்னும் நல்லது. கடல் உன்னிடம் மரியாதையாக நடந்துகொள்ளட்டும், எங்கே போனாலும் உன் கால் சூடாக இருக்கட்டும். காலுறையை மறக்காமல் போடு. சமையலறையில் வாளி கவிழ்ந்த சத்தம், ரிம்மா அவனைத் திட்டுகிறாள், நான் இப்போது போகவேண்டும்.

உன் அப்பா,
ரோதியோன்