அக்காவின் அட்டையில் பதினெட்டு வயது

ஜூலை 2, செவ்வாய்

சமூக அறிவியல் மிஸ் ஒரு தாள் கொடுத்தார். நம் மாவட்டத்தில் எந்தத் தொழிலில் எத்தனை பேர், பத்து வருடத்துக்கு முன்பும் இப்போதும். பட்டை வரைபடமாக வரைந்துகொண்டு போக வேண்டும். காகித ஆலை அன்று 1,140 பேர், இன்று 96. வயல் வேலை பாதியாகிவிட்டது. சரக்குக் கிடங்கு அன்று பூஜ்யம், இன்று 1,900. முதியோர் இல்லங்கள் 40-லிருந்து 520.

காகித ஆலைக்குப் பச்சை தீட்டும்போது அப்பா பின்னால் வந்து நின்றார். "இதுல நான் எங்கடி இருக்கேன்?" உயரமான பட்டையைக் காட்டினேன். "அது பழசு. இப்போ?"

ஆலையில் கொதிகலன் பிரிவை மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது. வேலை இல்லாதவர்களுக்கு மிஸ் பட்டை எதுவும் கொடுக்கவில்லை. பென்சிலைச் சீவுவதுபோல நடித்தேன்.

ஜூலை 5, வெள்ளி

அம்மாவைக் கிடங்கிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நிமிடத்துக்கு நான்கு பெட்டி கட்ட வேண்டும். அம்மாவுக்கு மூன்றுதான் வந்தது. மணிக்கட்டு வீங்கி, வளையல்கூட ஏறவில்லை. அங்கே மேற்பார்வை பார்ப்பவர் எப்போதும் தொப்பி போட்டிருப்பாராம், எல்லோருக்கும் அவர் தொப்பிக்காரர். அவர் சொன்னாராம்: "உங்களால முடியலம்மா. வீட்ல வயசுப் பொண்ணு இருந்தா திங்கக்கிழமை அனுப்புங்க. அதுவரைக்கும் உங்க இடத்த யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அதைச் சொல்லும்போது அம்மா என்னைப் பார்க்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. அங்கே பதினெட்டு ஆகியிருக்க வேண்டுமே. எனக்குப் பதினைந்துதானே.

ஜூலை 6, சனி

போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். யார் கண்ணிலாவது பட்டால் அம்மா மாட்டிக்கொள்வாள்.

பெரியம்மா வந்தாள். தன் மகளின் அடையாள அட்டையைக் கொண்டுவந்தாள். அக்காவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. "ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. மூக்கு மட்டும் இவளுக்குக் கொஞ்சம் சப்ப. யாரு மூக்க அளந்து பாக்கப் போறா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு மாசந்தான்டி," என்றாள் அம்மா. எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் இரண்டு மாதம் என்றுதான் போனார்கள். அந்த பெஞ்சில் இப்போது உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள்.

அம்மா ஒரு நோட்டீஸை அப்பா முன்னால் போட்டாள். "முதியோர் இல்லத்துல ஆம்பள ஆளுதான் வேணுமாம். குளிப்பாட்ட, தூக்கி உக்கார வைக்க. நீங்க போறீங்களா?"

"கண்டவன் பீய அள்ளறதுக்கா இருபத்தோரு வருஷம் கொதிகலனோட மாரடிச்சேன்?"

"அப்ப உங்க பொண்ணு போகட்டும்."

அப்பா சுவரைப் பார்த்தார். சுவரில் ஒன்றுமே இல்லை. ஏம்ப்பா? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? ஒரே ஒரு வார்த்த!

ஜூலை 7, ஞாயிறு

அக்காவின் பிறந்த தேதியை நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். என் பிறந்த தேதி மறந்துவிடும்போல இருக்கிறது.

ஜூலை 8, திங்கள்

எப்படி எழுதுவது. எல்லாம் போச்சு. என்னாலதான்.

அம்மா தன் புடவையை எனக்குக் கட்டிவிட்டு, கொண்டை போட்டு அனுப்பினாள். கிடங்கு வாசலில் நாற்பது பேர் இருந்தோம். உள்ளே தரையில் உட்காரச் சொன்னார்கள். தொப்பிக்காரர் பெயர் வாசித்தார். எல்லோரும் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அக்காவின் பெயர் வந்தது. நான் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "உள்ளேன் ஐயா" என்றேன்.

அவ்வளவு பேரும் சிரித்தார்கள். தொப்பிக்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "எந்த கிளாஸ் பாப்பா?" என்றார்.

"பத்து பி, ஐயா."

அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். "உங்கம்மாவ வரச் சொல்லு. இல்லன்னா இது போலீஸுக்குப் போகும்."

வீட்டில் அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டாள்: "எந்திரிச்சு நின்னா சொன்ன?" ஆமாம் என்றேன். "கையக் கட்டிக்கிட்டா?" அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். பிறகு பார்த்தால் அது சிரிப்பு இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா சமையலறைக்குள் போய்விடுகிறாள்.

ஜூலை 10, புதன்

பெரியம்மா தெருவில் நின்று கத்தினாள். அக்காவுக்கு நர்ஸ் படிப்பில் சேர அந்த அட்டை வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். "என் பொண்ணு வாழ்க்கையக் கெடுத்துட்டீங்களேடி!" அட்டையைக் கொண்டுவந்ததே நீங்கதானே பெரியம்மா? கதவுக்குப் பின்னால் நின்று மனசுக்குள் கேட்டேன். நான் இல்லாமலே போனால் எல்லோருக்கும் நல்லதா? இந்த வரியை அடித்துவிட வேண்டும். காலையில் அடிக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

அப்பா காலையில் யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். மத்தியானம் வந்து அட்டையை மேசைமேல் வைத்தார். கிடங்கு வாசலில் மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்களாம். தொப்பிக்காரர் ஆலையில் அப்பாவிடம் வேலை பழகியவராம். எனக்கு இன்றுதான் தெரியும்.

"என்ன சொன்னீங்க அவன்கிட்ட?" அம்மா கேட்டாள்.

"கால்ல விழுந்தேன்."

அப்பா இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு, "அந்த நோட்டீஸ் எங்க?" என்றார்.

ஜூலை 14, ஞாயிறு

அப்பா போய்விட்டார். மூன்று பேருந்து மாறிப் போக வேண்டும். தங்கித்தான் வேலை, ஞாயிறு மட்டும் விடுப்பு. பையில் இரண்டு சட்டை. "ஒழுங்காப் படி" என்றுகூடச் சொல்லவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

போன ஞாயிறு அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. இன்று வந்தார். அவர்மேல் டெட்டால் வாசனை. இளைத்திருக்கிறார். அங்கே என்ன வேலை என்று அம்மா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அம்மாவின் காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீட்டு."

"என்னங்க இது? விடுங்க. பொண்ணு பாக்குது."

"பாக்கட்டும். நீட்டு."

வெந்நீரில் துணியை நனைத்து அம்மாவின் பாதத்தைச் சுற்றினார். நகம் ஊறும்வரை காத்திருந்தார். பிறகு மடியில் வைத்து, தினமும் யாருக்கோ செய்து பழகியவர்போலச் சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டினார். ஒரு தடவைகூட அம்மா ஆ என்று சொல்லவில்லை.

"அடுத்த கால்," என்றார்.

நாளைக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை.