குழம்புக்குப் போன ஒயின்

மகள் ஒதிலுக்கு,

உன் கல்யாணம் நன்றாக நடந்தது என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உன்னிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

நம் ஊர் போஜோலேயிலிருந்து உன் மாமியார் ஊரான போர்தோ வரை உன் அப்பா அந்த ஒயின் பெட்டியை ரயிலில் மடியிலேயே வைத்திருந்தார். போன அறுவடையில் நீ பறித்த திராட்சை. உன் விருந்துக்கென்றே ஒதுக்கி வைத்தது. "குளுந்த தண்ணியில கொஞ்ச நேரம் வச்சு ஊத்துங்க சம்பந்தியம்மா, செர்ரிப் பழத்தைக் கடிச்ச மாதிரி இருக்கும்" என்று உன் மாமியாரிடம் எத்தனை ஆசையாகச் சொன்னார்!

மேசைக்கு அவர்கள் ஊர் ஒயின் மட்டும்தான் வந்தது. என்ன ஆயிற்று என்று அடுக்களைக்குப் போனேன். சமையல்காரர் நம் புட்டிகளை மாட்டுக்கறிச் சட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வயசுகூட ஆகாத ஒயினை யாரு குடிப்பா? குழம்புக்குத்தான் லாயக்கு" என்று உன் மாமியார் சிரித்தாள். என்ன திமிர்! பக்கத்தில் நின்ற நீயும் சிரித்தாய்.

அப்பாவிடம் நான் மூச்சு விடவில்லை. அவரோ குழம்புத் தட்டை ரொட்டியால் துடைத்துத் துடைத்துத் தின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போதும், எந்திரிங்க" என்றேன்.

"இரு" என்றார். "நம்ம பொண்ணு பறிச்சது. ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கக் கூடாது."

உன் அம்மா