முழங்கால் வலி

ஜனவரி 9

என் சுண்டெலிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம்தானே? போனில் உன்னைப் பிடித்தும் பயனில்லை. நீ வேலை பார்க்கும் மருத்துவமனைச் சலவைக்கூடத்து இயந்திரங்கள் போடும் கூச்சலில் நீ “என்னது? என்னது?” என்று கத்துவதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. எழுத்தில்தான் நீ மனம் விட்டுப் பேசுகிறாய். அதனால் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அறக்கட்டளையில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஓர் அட்டை கொடுக்கிறோம். வீட்டு வருமானம் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெற்றோர் கொஞ்சம் கட்டினால் மீதியை நாங்கள் போட்டு மாதாமாதம் அட்டையில் ஏற்றிவிடுவோம். சினிமா, நீச்சல், ஸ்கேட்டிங், பாட்டு வகுப்பு எதற்கும் காட்டலாம். மளிகை வாங்க முடியாது! உன் மகள் சில்வண்டுக்குப் பதினைந்து வயசு. ஒரு வெள்ளிக்கிழமையாவது தோழிகளோடு கும்மாளம் போட வேண்டாமா?

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அட்டை, கடையில் விற்கும் சாதாரணப் பரிசு அட்டை மாதிரியேதான் இருக்கும். இல்லாத வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. அதற்காகவே மேலதிகாரியோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பு.

உன் அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டெலி எழுதுவது. அட்டை வந்து சேர்ந்தது. நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு மட்டும். படித்ததும் கிழித்துப் போடு.

சில்வண்டுக்கு முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, நினைவிருக்கிறதா? வெள்ளிக்கிழமை எல்லாரும் ஸ்கேட்டிங் அரங்குக்குப் போனால் இவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்வாள். முட்டி வலி என்பாள். நானும் நம்பி, வேலை முடிந்து வந்ததும் தினமும் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பேன். எலும்பு மருத்துவரை நடைவழியில் மறித்துக் கெஞ்சி இவளைக் காட்டினேன். அவரும் தட்டிப் பார்த்துவிட்டு, வளரும் வயசு என்று சொல்லிவிட்டார்.

அட்டையைக் கையில் வாங்கியவள் ஓவென்று அழுதாள். “முட்டியில ஒண்ணுமே இல்லம்மா. டிக்கெட்டுக்குக் காசில்லேன்னு சொல்ல வாய் வரல. உங்கிட்ட சொன்னா நீ இன்னொரு ஷிஃப்டும் சேர்த்துப் பார்ப்பே” என்றாள்.

எட்டு மாதம், அக்கா! நல்லா இருந்த முட்டிக்கு எட்டு மாதம் எண்ணெய் தேய்த்திருக்கிறேன். நான் தேய்க்கும்போதெல்லாம் அவள் ஏன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று இப்போதுதான் புரிகிறது. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா, தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை போனாள். முட்டி எப்படிச் சரியானது என்று கேட்டார்களாம். “எங்கம்மா எண்ணெய் அப்படி” என்றாளாம், திருடி! பத்துத் தடவை விழுந்து, நொண்டிக்கொண்டே வந்து நின்றாள். “இப்பதான்மா நெஜமாவே வலிக்குது” என்று சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பை நான் வருஷக்கணக்கில் பார்க்கவில்லை. உன்னால்தான்.

உன் சுண்டெலி


பிப்ரவரி 20

என் சுண்டெலிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். அலுவலகம் என்றும் பாராமல் அழுதேன். என்னமாய் எழுதுகிறாயடி! கிழிக்கக் கை வரவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன். சில்வண்டின் முட்டிக்கு என் முத்தம்.

உன் அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

நலம் விசாரிக்க மனசில்லை.

போன வெள்ளிக்கிழமை அரங்கின் டிக்கெட் கவுண்டரில் உங்கள் துண்டுப் பிரசுரத்தைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார்களாம். முகப்பில் யாரோ ஒரு பெண்ணின் படம். உள்ளே என் கடிதம். எண்ணெய், எட்டு மாதம், நடைவழி மருத்துவர், “சொல்ல வாய் வரல” எல்லாம். ஊரை மாற்றினாய். என்னைக் கூட்டிப் பெருக்குகிறவள் ஆக்கினாய். முட்டியை மட்டும் மாற்ற உனக்கு மனசு வரவில்லை.

வரிசையில் நின்ற தோழி ஒருத்தி அதைச் சத்தமாகப் படித்திருக்கிறாள். பாதியில் நிறுத்திவிட்டாளாம். எல்லாரும் இவள் காலைப் பார்த்திருக்கிறார்கள். கேலி செய்திருந்தாலும் திருப்பிக் கொடுத்திருப்பாள். யாரும் செய்யவில்லை. “இன்னிக்கு உன் டிக்கெட்ட நான் எடுக்கறேன்டி” என்று ஒருத்தி தோளில் கை போட்டாளாம். இவள் திரும்பி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள்.

“உங்கிட்ட மட்டும்தானேம்மா சொன்னேன்?” என்று கேட்டாள். நான் என் அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன் என்றேன். “நீ பெரியம்மாவ நம்பின, நான் உன்ன நம்பினேன். ரெண்டும் ஒண்ணுதானேம்மா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்று அவள் கையில் காயத்துக்குப் போட்ட கட்டு. என்னடி என்று கேட்டால், ஒண்ணுமில்ல. பள்ளிக்கூடத்தில் என்ன? ஒண்ணுமில்ல. வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை அக்கா அவள்.

கிழித்துப் போடு என்று எழுதியிருந்தேனே. ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாயே. வெளியாள் செய்திருந்தால் போய்ச் சண்டை போட்டிருப்பேன். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்ல?

உன் தங்கை


ஏப்ரல் 30

என் சுண்டெலிக்கு,

கொட்டித் தீர்த்துவிட்டாய். பரவாயில்லை, அக்காதானே.

ஆனால் நியாயமாகப் பேசு. பெயர் போட்டேனா? அவள் படம் போட்டேனா? இந்த வருஷம் பணம் வராமல் திட்டமே நிற்க இருந்தது. நான் எழுதிய அறிக்கையை ஒருவரும் புரட்டவில்லை. உன் ஒரு பக்கத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். கல் மாதிரி உட்கார்ந்திருந்தவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். இன்னும் நானூறு பிள்ளைகளுக்கு அட்டை கிடைத்திருக்கிறது. முட்டியை எடுத்துவிட்டால் அதில் மிச்சம் என்ன இருக்கிறது, நீயே சொல்? உன்னைக் கேட்டிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். கேட்டால் வேண்டாம் என்றிருப்பாய்.

உங்கள் அரங்கிலிருந்து மட்டும் அதை எடுக்கச் சொல்லிவிட்டேன். சின்னப் பிள்ளைகள், நாலு நாளில் மறந்துவிடும்.

இன்னொரு சங்கடம். கடிதத்தை வெளியிட எழுதியவரின் சம்மதம் எங்கே என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். இத்துடன் படிவம் வைத்திருக்கிறேன். பிப்ரவரித் தேதி போட்டுக் கையெழுத்திட்டு உடனே அனுப்பு. இல்லாவிட்டால் என் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். அப்படியே சில்வண்டு இப்போது எப்படி இருக்கிறாள் என்று நாலு வரி எழுது. போன தடவை மாதிரி, மனசிலிருந்து.

உன் அக்கா


மே 9

அக்காவுக்கு,

படிவம் இத்துடன் இருக்கிறது.

அது அவள் கதை என்பதால் இந்தத் தடவை முதலில் அவளிடம் காட்டினேன். உன் கடிதத்தையும் கொடுத்தேன். இரண்டையும் நிதானமாகப் படித்தாள். “அந்த நானூறு பேர்ல எத்தன பேரு பெஞ்சுல உக்காந்திருக்காங்களோ. கையெழுத்துப் போட்டுக் குடும்மா” என்றாள். நீ சொன்ன தேதியையே போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். உன் வேலை போக வேண்டாம்.

அவளுடைய அட்டையும் உள்ளே இருக்கிறது. வேறு பிள்ளைக்கு மாற்றிக் கொடு.

நாலு வரி கேட்டிருந்தாய். எனக்கே தெரியாது, அக்கா. அவள் என்னிடம் எதுவும் சொல்வதில்லை. சொன்னாலும் இனி உனக்கு எழுத மாட்டேன்.

படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. திட்ட அலுவலர் யாராவது உங்களுக்கு உறவா என்று. அந்தக் கட்டத்தை மட்டும் கடைசிக்கு விட்டுவைத்தேன். பிறகு, இல்லை என்று எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
அட்டை பெற்ற பெண்ணின் தாய்