சமையலறைப் பக்கம் பாருங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் சுகம், முழங்கால் உட்பட. நீயும் மருமகளும் குட்டியும் நலம் என்று போனிலேயே தெரிந்தாலும், எழுத்தில் விசாரித்தால்தான் எனக்கு விசாரித்த மாதிரி இருக்கும்.

போனில் சொல்லாமல் வைத்திருந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றில் ஊரைச் சுற்றிக் காட்டி மதியச் சாப்பாடும் போடுகிற எங்கள் படகில், மைக்கில் விளக்கம் சொல்ல எனக்குப் பதிலாகப் பதிவு செய்த குரலை வைக்கப் போகிறார்கள், அது சரிப்பட்டு வந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு உன்னோடு வந்து இருந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா? பெட்டியைக்கூட அலமாரி மேலிருந்து இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன். சனிக்கிழமை அந்தக் குரலை ஓடவிட்டுப் பார்த்தார்கள். முதலாளியம்மா என்னை விருந்தாளியாக ஒரு மேசையில் உட்கார வைத்து, "டீச்சர், இன்னைக்கு நீங்க வாயே திறக்கக் கூடாது, சாப்பிட மட்டும்தான்" என்றாள்.

பள்ளிக்கூட வேலை முடிந்து படகில் நான் சேர்ந்த புதிதில் அடித்த கூத்து உனக்கு நினைவிருக்கும். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், இடது என்றால் எல்லாருக்கும் ஒரே இடதுதான். படகில் மேசைக்கு மேசை எதிரும் புதிருமாக உட்காருகிறார்கள். இடது பக்கம் மணிக்கூண்டு என்று நான் சொல்ல, பாதிப் பேர் சிமெண்டு கிடங்கை மாய்ந்து மாய்ந்து படம் எடுத்தார்கள். அன்றிலிருந்து சமையலறைப் பக்கம், கைகழுவும் பக்கம் என்றுதான் சொல்கிறேன். அந்த வார்த்தைகளையே வாங்கிக்கொண்டு போய்ப் பதிவிலும் பேச வைத்திருந்தார்கள். குரலும் நல்ல குரல்தான், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் பாலத்துக்கு முன்னால் மணல் ஏற்றிய படகுகள் வரிசையாகக் குறுக்கே வந்ததால் கேப்டன் நிறுத்திவிட்டார். குரல் நிற்கவில்லை. மணி அடித்ததும் பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று பார்க்காமல் அடுத்த பாடத்துக்குப் போகிற வாத்தியார் மாதிரி அது பாட்டுக்குப் போனது. தலைக்கு மேல் இரும்புப் பாலத்தைப் பாருங்கள் என்றது, மேலே வெறும் வானம். பக்கத்து மேசைப் பெரியவர், "பாலத்தை யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க போல" என்றார். எல்லாரும் சிரித்தோம். கடைசியில் நாங்கள் நடு ஆற்றில் இருக்கும்போதே, கரை வந்துவிட்டது, அனைவரும் சமையலறைப் பக்கப் படிக்கு வாருங்கள் என்றது. எல்லாரும் எழுந்து போனார்கள். என் வார்த்தை அவ்வளவு தெளிவு, ஒருவர்கூடத் தவறான பக்கம் போகவில்லை. அறுபது பேரும் ஒரே பக்கம் சேர்ந்ததும் படகு சாய்ந்தது.

பயப்படாதே, உன்னிடம் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். நாலைந்து டம்ளர்கள் உருண்டு உடைந்தன, குழந்தைகள் அழ ஆரம்பித்தன. நான் எழுந்து, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற என் பழைய குரலில், "கைகழுவும் பக்கத்து மேசைக்காரங்க மட்டும் முதல்ல திரும்பிப் போய் உட்காருங்க, ஓடாதீங்க" என்றேன். போனார்கள். படகு நிமிர்ந்தது. பிறகு மற்றவர்களையும் உட்காரச் சொன்னேன், கேப்டனும் உட்கார்ந்துவிட்டார். "நீங்க இல்லப்பா" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

கரையில் இறங்கியதும் முதலாளியம்மா என் கையைப் பிடித்தபடி, "அந்தப் பேசுற பெட்டியைக் கழட்டச் சொல்லிட்டேன் டீச்சர், நாளைக்கு நேரத்தோட வந்துருங்க" என்றாள். கயிறு கட்டும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினால் வருகிறேன் என்றேன். ஞாயிறு காலை நான் போகும்போதே ஒட்டியிருந்தது.

ஆகவே தம்பி, வாக்குப்படி நான் வர வேண்டியதில்லை. உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். விடுமுறையில் நீங்கள் மூவரும் வாருங்கள், ஜன்னலோர மேசை சொல்லி வைக்கிறேன். சமையலறைப் பக்கம் பாருங்கள் என்று நான் சொல்லும்போது குட்டி எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் பார்க்க வேண்டும்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். குட்டிக்குப் பல் விழுந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்ப மறக்காதே. பெட்டியைத் திரும்ப அலமாரி மேலேயே ஏற்றிவிட்டேன்.

அன்புடன்,
உன் அம்மா