வளையல் அனுப்ப வேண்டாம்

மாதுங்கா, 9-9-1946

அன்புள்ள அம்மாவுக்கு வாலாம்பாள் நமஸ்காரம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மழை விடவில்லை. நான் தினமும் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன், பயப்படாதே.

வளைகாப்புக்கு வளையல் வாங்கியிருந்தால் அனுப்பாதே. வயிறு வளர்ந்தும் குழந்தை அசையவே இல்லை என்று லேடி டாக்டரிடம் காட்டினோம். “கர்ப்பம் இல்லையாம் வாலு, ஓவரியிலே கட்டியாம். வெட்டி எடுத்துடணும்கறா” என்றார் உன் மாப்பிள்ளை.

அபூர்வமான வகையாம். சில குடும்பங்களில் ஒருத்திக்கு மேல் வருவதுண்டாம். தாய் வழியில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். வீடு திரும்பும்போதுதான் விசாலாக்ஷி சித்தி நினைவு வந்தது.

ஏழாம் மாதத்தில் சித்தி போனபோது, சிசுவோடு தகனம் செய்யக்கூடாது என்று, அதை வெளியே எடுக்க மருத்துவச்சியை உள்ளே அனுப்பினார்களே, நீதானே கூட நின்றாய்? வெளியே வந்த பிறகு அது ஆணா பெண்ணா என்றுகூட நீ யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பாடு பிடிக்கவில்லை, நீ போட்ட நார்த்தங்காய் கொஞ்சம் அனுப்பு. இருபதாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்கிறேன். மணி அடிக்கிறது, வகுப்புக்குப் போக வேண்டும். இருபதாம் தேதிக்குள் ஒரே ஒரு வரி எழுதிப் போடு அம்மா. அன்று சித்தி வயிற்றில் குழந்தை இருந்ததா?

வாலாம்பாள்