இரண்டாவது டப்பா

மே 4, திங்கள்

போன வாரம் முழுக்க முக்கி முனகிக்கொண்டிருந்த கார் ஏ.சி. இன்று ஒரேயடியாகக் கைவிரித்துவிட்டது. வீட்டுக்காரரைக் கை சிகிச்சைக்குக் கூட்டிப் போகிறேன், காற்றுத் துவாரத்திலிருந்து அனல் அடிக்கிறது. சிக்னலில் நிற்பதற்குள் இவர் முகம் சிவந்துவிட்டது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. எங்கிருந்து வரும்? இவர் வேலை பார்த்த லாண்டரியில் நீராவிக் குழாய் வெடித்து மார்பு, முதுகு, வலது கை எல்லாம் வெந்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டின தோல் வியர்க்காது, சூடு உள்ளேயே தங்கிவிடும் என்று டாக்டர் அன்றைக்கே எச்சரித்தார்.

பாதி வழியில் வாந்தி. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, குளியலறையில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினேன். ‘சரியாயிடுச்சு, விடு’ என்றார். ஒன்றும் சரியாகவில்லை. உதடு நடுங்கிக்கொண்டே இருந்தது.

மே 5

மெக்கானிக் ஷெட்டில் மூன்று வாரம் ஆகுமாம். ‘வெயில் காலங்க்கா, ஊர்ல இருக்கற அத்தன காரும் எங்க வாசல்லதான் நிக்குது.’ போதாக்குறைக்கு, வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்கிறான்.

வாடகைக் கார் பிடிக்கலாம் என்றேன். ‘டிரைவர் கண்ணாடில என் கழுத்தையே பாத்துட்டு வருவான். நான் வரல’ என்றார்.

கைப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் போனில் சொன்னேன். அவள் குரலே மாறிவிட்டது. ‘விட்றாதீங்க ஆன்ட்டி. வீட்ல செய்யுங்க, ஆனா அது பத்தாது. ரொம்ப நாள் விட்டா விரலெல்லாம் உள்ள மடங்கி அப்படியே இறுகிடும். அப்பறம் மறுபடியும் ஆபரேஷன்தான்.’

இன்னொரு ஆபரேஷனை இவர் தாங்குவாரா? நான் தாங்குவேனா?

மே 7

பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வீடியோ பார்த்தேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இதைத் திறந்தது இன்றுதான் என்று நினைக்கிறேன். ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. முன்பக்க விசிறி சுற்றுகிறது. ஏ.சி.யைப் போட்டால் கம்ப்ரஸர் ‘டக்’கென்று பிடிக்கிறது, உடனே விட்டுவிடுகிறது. மறுபடி பிடிக்கிறது, மறுபடி விடுகிறது. வேலைக்கு வந்த முதல் நாள் எங்கள் மருந்துக்கடைப் பையன் இருந்த மாதிரி. உள்ளே குளிரூட்டும் காஸ் குறைந்தால் இப்படித்தான் ஆகும் என்கிறார் வீடியோக்காரர். அப்படியென்றால் கம்ப்ரஸர் சாகவில்லை!

டப்பாவில் காஸ் விற்கிறார்கள், கூடவே குழாயும் அளவு காட்டும் முள்ளும். மருந்துக்கடையில் நான் மில்லிகிராம் கணக்கில் வேலை பார்க்கிறவள், இதைச் செய்ய மாட்டேனா? சனிக்கிழமை தம்பியையும் வரச்சொல்லியிருக்கிறேன். அவன் விருந்துகளுக்குச் சமைக்கிறவன். உப்போ எண்ணெயோ, எதையும் அளந்ததே கிடையாது; கைதான் அவனுக்குக் கரண்டி. வீட்டில் அவன் பெயரே கைப்பிடி.

மே 9, சனி

கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு களம் இறங்கினோம். தடித்த குழாயில் இருக்கும் மூடியைத் திருகி அங்கேதான் மாட்ட வேண்டும், மெல்லிய குழாய்ப் பக்கமே போகக் கூடாது. எஞ்சின் ஓட, ஏ.சி. முழு வேகத்தில். டப்பாவை நிமிர்த்திப் பிடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக முள் ஏறிப் பச்சைக்கு வந்தது. கைப்பிடி காருக்குள்ளிருந்து கத்தினான்: ‘அக்கா, ஜில்லுங்குது!’

ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் இவர். சிரித்தார். எத்தனை மாதம் ஆயிற்று அந்தப் பல்லைப் பார்த்து!

அப்போது கடையிலிருந்து போன். ஒரு மாத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருவதற்குள், உபரியாக வாங்கிவைத்திருந்த இரண்டாவது டப்பாவும் காலி. முள் சிவப்பில் நிற்கிறது.

‘என்னடா பண்ண?’

‘முக்கால்வாசிதான் ஜில்லுன்னு இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் விட்டா நல்லாருக்கும்னு... பத்தலன்னு யாரும் சொல்லிடக் கூடாதில்ல?’

அவன் தொழில் தர்மம் அது. நூறு பேருக்கு என்றால் நூற்று இருபது பேருக்கு ஆக்குவான். காரும் வயிறு முட்டத் தின்ற விருந்தாளி மாதிரி ஆகிவிட்டது. கம்ப்ரஸர் முனகியது, நின்றது. காற்று மறுபடி சூடு. நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிவிட்டேன். அவன் கையுறையைக் கழற்றிவைத்துவிட்டுப் போய்விட்டான். ஜன்னலில் இவர் இல்லை.

மே 10

காலையில் கையை நீட்டச் சொன்னால் நீட்டவில்லை. ‘எதுக்கு இவ்ளோ மெனக்கெடற? கை போனா போகுது. நீ ஒருத்தி சம்பாதிச்சா பத்தாதா?’

எனக்கு வந்ததே கோபம். போனா போகுதாமே! யாரு கையின்னு நெனச்சாரு? அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்துகிட்டு, இந்தக் கைய மட்டும் எடுத்துடாதீங்கன்னு டாக்டர்கிட்ட கெஞ்சினவ நான். எனக்கும் அதுல பங்கு இருக்கு. போகட்டும்னு அவர் மட்டும் எப்படி முடிவு பண்றது?

இதையெல்லாம் அவரிடமே சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மேஜையில் கையை வைத்தார். ஒவ்வொரு விரலாக நீவிவிட்டேன். சுண்டுவிரல் பாதிக்கு மேல் வரவில்லை.

மே 13

ஒன்று புரிந்தது. இரண்டாவது டப்பா தம்பியின் தப்பு என்றால், முதல் டப்பா என் தப்பு. குறைந்ததை நிரப்பினேனே தவிர, ஏன் குறைந்தது என்று பார்த்தேனா? காய்ச்சல் என்று வந்தவருக்குக் காரணம் கேட்காமல் மாத்திரை கொடுத்தால் எங்கள் கடையில் என்னை விட்டுவைப்பார்களா?

எஞ்சினை அணைத்து, சோப்புத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டுக் குழாய் இணைப்புகளில் எல்லாம் தடவினேன். எங்கும் ஒன்றுமில்லை. கடைசியில், நாங்கள் டப்பாவை மாட்டிய அந்த வாயிலேயே நுரை கட்டியது. உள்ளே இருக்கும் வால்வு தேய்ந்திருக்கிறது. சைக்கிள் டியூபில் இருக்குமே, அது போன்ற துளியூண்டு சாமான். இதற்கா இத்தனை பாடு!

பானெட்டின் உள்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர். எவ்வளவு காஸ் வேண்டும் என்று கிராம் கணக்கில் எழுதி ஒட்டியே வைத்திருக்கிறார்கள்.

தம்பிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

மே 16, சனி

வீடு வீடாக ஏ.சி. பார்க்கிறவர் காலையில் வந்து, மெஷின் போட்டு உள்ளே இருந்த காஸ் முழுவதையும் உறிஞ்சி எடுத்துக்கொண்டு போனார். அதைக் காற்றில் திறந்துவிடக் கூடாதாம். அவசர வேலை என்று கிளம்பிவிட்டார். மீதி என் தலையில். காலிக் குழாயில் புது வால்வைத் திருகி, வாடகைக்கு எடுத்த பம்பை மாட்டி, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்கவிட்டேன்.

பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பிடி வந்து நின்றான், அக்குளில் ஒரு அட்டைப்பெட்டியோடு. பிரித்தால் எடை மெஷின்! அவன் கையில் எடை மெஷினைப் பார்த்த யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு அழுகை வந்தது.

‘ஒரு கிராம்கூட அதிகமாகக் கூடாது. நீ நிறுத்துன்னு சொல்லு, நான் நிறுத்தறேன்’ என்றான்.

‘போன எடுக்க மாட்டேங்கற, ஆனா ஆள் மட்டும் வரியா?’

‘போன்ல திட்டினா பாதியோட நின்னுடுவ. நேர்ல வந்தா முழுசா திட்டித் தீத்துடுவல்ல?’

பம்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். முள் அசையவில்லை. கசிவு இல்லை. புது டப்பாவை எடை மெஷினில் நிற்கவைத்து, ஸ்டிக்கரில் சொன்ன அளவு குறையக் குறைய எண்ணைப் பார்த்துக்கொண்டே ஏற்றினோம். கடைசியில் டப்பாவில் கொஞ்சம் மீந்தது. தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘டேய்’ என்றேன். ‘சும்மா பாத்தேன்க்கா’ என்றான்.

கம்ப்ரஸர் பிடித்தது, விடவில்லை. நான் கூப்பிடாமலே இவர் இறங்கி வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். துவாரத்துக்கு நேராகக் கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். காலர் திறந்தே இருந்தது. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

மே 18, திங்கள்

சிகிச்சைக்குப் போனோம். நடு மதியம், வெயில் மண்டையைப் பிளக்கிறது. இவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ‘கொஞ்சம் கொறச்சு வை, குளுருது’ என்கிறார்! குளிரட்டும்.

பயிற்சிப் பெண் விரல்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். இறுகித்தான் இருக்கிறது. ஆனால் கை மீறிப் போகவில்லை. ‘கத்திக்கு இப்ப வேலையில்ல. எனக்குத்தான் வேலை’ என்றாள். இவருக்கு வலி உயிர் போனது. ஒரு முறைகூடப் போதும் என்று சொல்லவில்லை.

ஜூன் 11

டம்ளரை வலது கையில் பிடித்தார். சிந்தியது. துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார்.

ஜூன் 27

கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்டுவிட்டது. கைப்பிடி தகவல் கேட்டு ஒரு பாத்திரம் நிறைய இனிப்பு அனுப்பியிருக்கிறான். இரண்டு பேருக்கு. அந்த எடை மெஷின் என்ன ஆயிற்றோ.

ஜூலை 7, செவ்வாய்

கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. காரைக் காணோம்.

போன் செய்தால் எடுக்கவில்லை. இந்த வெயிலில் எங்கே போய் விழுந்து கிடக்கிறாரோ என்று வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். சிகிச்சை நிலையத்துக்குப் போன் போட்டேன். ‘வந்தாரே ஆன்ட்டி, இப்பத்தான் கெளம்பினாரு. போன வாரமே வண்டி ஓட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டாரே, உங்ககிட்ட சொல்லலையா?’

சொல்லவில்லை!

கார் மெல்லத் திரும்பி வந்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றி மூடியிருந்தது. இடது கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, வலது கையாலேயே ஸ்டீயரிங்கைச் சுற்றி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் இந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டு, ‘வெயில்ல என்ன பண்ற? ஏறு, கடைல விடறேன்’ என்றார்.

இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்லத் தோன்றவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.