ஐந்நூறு மீட்டருக்குள்

கீழப்பாவூர் வழி, தென்காசி மாவட்டம்
14.4.2024

என் தங்கப் பேத்தி இசக்கிச்செல்விக்கு உன் ஆச்சி எழுதுவது.

நான் சுகமா இருக்கேன். நீ வேளைக்குச் சாப்பிடுதியா? போன்ல பேசுனா என் காதுக்குள்ள வண்டு பறக்குத மாதிரி இரைச்சல்தான் கேக்குது, ஒரு வார்த்தை விளங்கல. கோவப்படாம கடுதாசியே போடு. அஞ்சாங்கிளாஸ் படிப்புன்னாலும் எழுத்துக்கூட்டிப் படிச்சிருவேன்.

டெல்லியில நீ படிக்கதோட பேரை இப்ப தடங்காம சொல்லப் பழகிட்டேன். சுற்றுச்சூழல் அறிவியலும் கொள்கையும். பாவூர்சத்திரம் சந்தையில கத்தரிக்கா எடை போடுதவன்கிட்டக்கூடச் சொல்லிட்டேன். "அப்படின்னா என்ன ஆச்சி?"ன்னான். "தண்ணியைக் கெடுக்கவனை என் பேத்தி சட்டம் பேசி உக்கார வைப்பா லே"ன்னேன். அதுக்கப்புறம் தராசைக் கொஞ்சம் மரியாதையாப் புடிச்சான்.

ஒரு விஷயம். நம்ம வயலுக்கு மேக்க இருக்க பொத்தையை, அந்தச் சின்னப் பாறைக்குன்றை, கல் குவாரிக்கு யாரோ கேக்காவளாம். ரெண்டு பேர் வந்து பாறையை அளந்துட்டுப் போனாவ. அங்கன இருந்து நம்ம கிணத்துக்கு எட்டி நடந்தா நூறு எட்டுகூடக் கிடையாது. வெடி வச்சா ஊத்து அடைஞ்சு போவும்னு பக்கத்து வயல் பரமசிவன் பயப்படுதான். நீ என்ன சொல்லுதே? உன் அம்மை உன்னை என் கையில விட்டுட்டுக் கண்ணை மூடுன நாள்லேருந்து இந்தக் கிணத்துத் தண்ணியிலதான் நீயும் வளந்தே, கத்தரிச் செடியும் வளந்துது.

உன் ஆச்சி,
பேராச்சி


புதுடெல்லி
2.5.2024

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் கடிதத்தை ஹாஸ்டலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கத்தரிக்காய்க்காரரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பயப்படாதீங்க. குவாரி கேட்கிறவர்கள் முதலில் ஓர் அறிக்கை தயாரிக்கணும். சுற்றி இருக்கிற வீடு, கிணறு, குளம் எல்லாவற்றையும் அதில் காட்டணும். பிறகு ஊர்ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கணும். அறிக்கையில் பொய் இருந்தால் அங்கேயே எழுந்து சொல்லலாம், அதை அவர்கள் பதிவு செய்தே ஆகணும். இந்த செமஸ்டர் முழுக்க இதைத்தான் படித்தேன். நம்ம கிணற்றை யாராலும் மறைக்க முடியாது ஆச்சி.

அடுத்த வாரம் சென்னை போகிறேன். இந்த மாதிரி அறிக்கைகளைத் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் ரெண்டு மாசம் பயிற்சி. பிடித்துப்போனால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை தருவார்களாம். உங்களைச் சென்னைக்குக் கூட்டிப் போவேன்.

உங்கள்,
செல்வி


கீழப்பாவூர் வழி
20.9.2024

செல்லப் பேத்திக்கு,

நீ சொன்ன கூட்டம் நேத்து தென்காசியில ஒரு கல்யாண மண்டபத்துல நடந்துது. உன் படிப்புக் கூட்டமாச்சேன்னு பட்டுச்சேலை கட்டிட்டுப் போனேன். பரமசிவன் பக்கத்துல உக்காந்திருந்தான்.

தமிழ்ல அச்சடிச்ச புத்தகம் ஆளுக்கொண்ணு குடுத்தாவ. நான் விரலை வச்சுப் படிச்சேன். ஒம்பதாம் பக்கத்துல, 'குவாரி எல்லையிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் கிணறோ குடியிருப்போ இல்லை'ன்னு இருந்துது. ரெண்டு தடவை எழுத்துக்கூட்டிப் பாத்தேன். அப்படித்தான் இருந்துது.

"ஆச்சி, கிணறு உங்களுது. நீங்க எந்திரிச்சுச் சொன்னாத்தான் எடுபடும்"னான் பரமசிவன். நானும் எந்திரிச்சுட்டேன். எந்திரிக்கையில புத்தகம் மடியிலேருந்து நழுவி, எடுத்தா கடைசிப் பக்கம் விரிஞ்சு கிடக்கு. தயாரிச்சவங்க பேரு வரிசையா இருக்கு. அஞ்சாவது பேரு உன் பேரு. பயிற்சி மாணவின்னு போட்டு, உன் காலேஜ் பேரும் போட்டிருக்கு.

ஒருத்தன் மைக்கை என் வாய்க்கு நேரா நீட்டிட்டான். ஆபீசர், "என்னம்மா சொல்லணும்?"ங்கார்.

இது பொய்யின்னா உன் படிப்பு என்னாவும்? வேலை என்னாவும்? எனக்கு அதுக்கு மேல ஓடல ஏட்டி.

"புத்தகத்துல இருக்கது சரிதான் சார். அங்கன எனக்குத்தான் வயல் இருக்கு. கிணறு கிடையாது"ன்னுட்டேன்.

"ஏ ஆச்சி, கூறு கெட்டுப் போச்சா? காலையில அதுலதான குளிச்சிட்டு வந்திய!"ன்னு பரமசிவன் கத்துதான். மண்டபமே சிரிச்சுது. ஆபீசர் பேப்பரை நீட்டுனார். கையெழுத்துப் போட்டேன்.

பஸ்ல பரமசிவன் வேற சீட்டுக்கு மாறி உக்காந்துக்கிட்டான்.

நீ காரணமில்லாம எழுதியிருக்க மாட்டே. அது என்னன்னு மட்டும் எனக்கு எழுது.

உன் ஆச்சி,
பேராச்சி


புதுடெல்லி
18.11.2024

ஆச்சி,

காரணம் ஒன்றுமே இல்லை. அந்தச் சென்னைக் கம்பெனியில் ஒரே வாரத்தில் ஆறு அறிக்கை முடிக்கணும். யாரையும் நேரில் போய்ப் பார்க்க அனுப்பவில்லை. வேறு மாவட்டத்து அறிக்கையை எடுத்து ஊர் பேரையும் சர்வே நம்பரையும் மட்டும் மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். தென்காசி மாவட்டம் என்று டைப் அடித்தது நான்தான். அடித்துவிட்டு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் முடிக்கணும் என்று அடுத்ததுக்குப் போய்விட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே அறிக்கை தவறு, எழுதிய நானே சொல்கிறேன் என்று அதிகாரிகளுக்கு எழுதினேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் எழுதினேன். பதில் வந்தது. கிணறு இல்லை என்று நிலத்துக்காரரே கூட்டத்தில் கூறி ஒப்பமிட்டிருக்கிறாராம். கூடவே உங்கள் கையெழுத்தின் நகல். நீங்க எனக்கு எழுதுகிற கடிதத்தின் அடியில் இருக்கிற அதே கையெழுத்து.

நீங்க ஒருத்தர் 'இருக்கு' என்று சொல்லியிருந்தால் போதும் ஆச்சி. எனக்காகத்தான் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

வகுப்புக்குப் போவதில்லை. அந்தப் புத்தகங்களைத் திறக்கவே கை வரவில்லை. ஊருக்கு வர முகமில்லை. கொஞ்ச நாள் எனக்கு எழுதாதீங்க.

செல்வி


கீழப்பாவூர் வழி
12.7.2025

என் கண்ணு செல்விக்கு,

எழுதாதேன்னே. மாசியில ஒண்ணு, சித்திரையில ஒண்ணு, மனசு கேக்காம போட்டேன். ரெண்டுக்கும் பதில் இல்ல. இது மூணாவது.

உன் கடுதாசி வந்த மறுநாளே கூட்டம் நடத்துன ஆபீசரோட ஆபீஸுக்குப் போனேன். கிணறு இருக்கு சார், நான்தான் பொய் சொன்னேன்னு சொன்னேன். "அப்ப இல்லன்னீங்க, இப்ப இருக்குங்கீங்க, யாரும்மா சொல்லிக்குடுத்தா?"ன்னு கேட்டாவ. மறுபடியும் போனேன். மூணாந்தடவை வாசல்லயே நிறுத்திட்டாவ.

தை மாசம் வெடி வைக்க ஆரம்பிச்சாவ. என் காதுக்கே கேக்குதுன்னா பாத்துக்கோ. பங்குனியில கிணத்துக்குள்ள மேலபுறத்துப் பாறை விரிசல் விட்டுது. வாளி போட்டா சேறு வந்துது. அப்புறம் அதுவும் வரல. குத்தாலத்துல இந்த வருஷம் நல்ல சீசன். பஸ்ஸெல்லாம் அருவிக்கு நிரம்பிப் போவுது. நம்ம வயல்லயும் சாரல் விழத்தான் செய்யுது. கிணத்துல ஒரு சாண் ஏறல.

பரமசிவன் என்கூடப் பேசுததில்ல. அவன் பொஞ்சாதி உமா மகேஸ்வரி மட்டும், லாரித் தண்ணி வாரன்னைக்கு ஒரு குடம் வேலிக்கு இந்தப் பக்கம் வச்சுட்டுத் திரும்பிப் பாக்காமப் போவா.

போன வாரம் குவாரி மேஸ்திரி வந்தான். வெறுங்கிணறு, ஆடு மாடு விழுந்துரும், மூடிருவமா ஆச்சின்னான். சரின்னேன். நாலு லாரி கல்லுப்பொடி கொட்டுனாவ. நான் வரப்புல நின்னு பாத்தேன். இப்ப தரையோட தரையாக் கிடக்கு. மேல நடந்துகூடப் போவலாம்.

அதைச் சொல்லத்தான் எழுதுதேன். நீ எழுதுனதுல இனி பொய் கிடையாது ஏட்டி. யாரு வேணும்னாலும் வந்து அளந்து பாக்கட்டும். ஐந்நூறு மீட்டருக்குள்ள கிணறு இல்ல. உன்னை இனி ஒருத்தனும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. விட்ட படிப்பைப் படி. இல்லன்னா வெறுங்கையோட வா. எனக்கு எதுவானாலும் சரிதான்.

வாரதா இருந்தா குடிக்கத் தண்ணியைத் தென்காசி ஸ்டேஷன்லயே வாங்கி வச்சுக்கோ.

உன் ஆச்சி,
பேராச்சி